சுவரிலிருந்து வந்த ஆல்

கேள்வி: இடிக்கப்போகும் வீட்டுச் சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்றைப் போன்சாய் ஆக்கலாமென்று பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன். பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பிழைக்குமா?

பதில்: பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. வேர் அறுபட்ட ஆல், தண்ணீர்ச் செலவைக் குறைக்கவே இலையை உதிர்க்கிறது. பதறி உரம் போட்டுவிடாதீர்கள். புண்பட்ட வேர் கருகிவிடும். நிழலில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் உறையைத் தளர்வாகக் கவிழ்த்து ஈரக்காற்றைக் காப்பாற்றுங்கள். மேல்மண் காயத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றினால் போதும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் பருமணலும் செங்கல் ஜல்லியும் கலந்த மண்ணுக்கு மாற்றுங்கள். தண்டைத் தொட்டியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். ஆடுகிற மரத்தில் புதிதாக விடும் மெல்லிய வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். முதல் தளிர் தண்டில் சேர்ந்திருக்கும் உணவிலேயே வந்துவிடும். வேர் பிடித்ததற்கு அது சாட்சியல்ல. அதைப் பார்த்து வெயிலில் வைத்து, கம்பி சுற்றி இழந்த மரங்கள் ஏராளம். தளிர் நீண்டு கிளையாகி, தொட்டியின் அடித்துளையில் வேர் எட்டிப்பார்க்கட்டும். அதுவரை, ஓராண்டு ஆனாலும், கத்தரியை எடுக்காதீர்கள்.