உத்ஸவர் திருமேனியும் களிம்பும்

உத்ஸவ மூர்த்திகளின் திருமேனிகள் பஞ்சலோகம் என்று வழங்கப்பெறினும், அவற்றில் மிகுந்து நிற்பது தாமிரமே. மெழுகினால் உருச்சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்தபின் அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். சில்ப சாஸ்த்ரங்கள் இதனை மதூச்சிஷ்ட விதானம் என்னும்.

14-ஆம் நூற்றாண்டில் படையெடுப்புகளுக்கு அஞ்சி, இத்தகைய திருமேனிகள் பல மண்ணிற் புதைத்துக் காக்கப்பெற்றன. காத்த மண்ணே பின்னர்ப் பகையுமாயிற்று. மண்ணிலுள்ள உப்பு ஈரத்தின் வழியே உட்புகுந்து, தாமிரத்தோடு கூடி க்ளோரைடாகிறது. திருமேனியை வெளியே எழுந்தருளச் செய்தபின், காற்றும் ஈரமும் பட்ட அளவில் அது வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கும். கூடவே ஓர் அமிலமும் பிறக்கும். அவ்வமிலம் எஞ்சிய தாமிரத்தை அரித்து மீண்டும் க்ளோரைடை உண்டாக்கும். இங்ஙனம் ஓயாது சுழலும் இதற்கு ரஸாயன நூலார் இட்ட பெயர் வெண்கல நோய். செம்பிற் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ ஸித்தாந்திகள் உவமை கூறுவதுண்டு. இந்நோயோ உடன்பிறந்ததன்று, வெளியிலிருந்து வந்த உப்பினால் ஆனது. ஆகவே அடக்கவும் கூடியது.

பச்சை யாவும் நோயன்று. இறுகி வழவழப்பாகப் படிந்த கரும்பச்சைப் படலம் உலோகத்திற்குக் கவசமாவது, அதைச் சுரண்டலாகாது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூளே அஞ்சத்தக்கது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் ரஸாயனக்கூடம் ஏற்பட்டது. அங்கே எஸ். பரமசிவன் அவர்கள் மின்சாரத்தால் இந்நோயைத் தீர்க்கும் முறையைக் கையாண்டார். படிமத்தைக் காஸ்டிக் சோடா கரைந்த நீரில் இறக்கி மெல்லிய மின்சாரம் செலுத்தினால், க்ளோரைடு அதனை விட்டு நீங்கி மறுமுனையை நாடும். பின் வாலைநீரிற் பன்முறை கழுவி, கழுவிய நீரில் ஸில்வர் நைட்ரேட் சில துளிகள் விடுவர். நீர் பால்போல் வெளுத்தால் உப்பு இன்னும் உளது. தெளிந்து நிற்கும் வரை கழுவுதல் வேண்டும். இம்முறையில் நற்படலமும் போய்விடுவதாற் பிற்காலத்தார் இதனைச் சுருக்கிக்கொண்டனர். 1967-க்குப் பின் பென்ஸோட்ரையஸோல் என்னும் மருந்து பரவலாயிற்று; அது தாமிரத்தின்மேல் மெல்லிய போர்வையாய் நின்று காற்றையும் ஈரத்தையும் தடுப்பது.

ஆராதனையில் உள்ள திருமேனிக்கு இவை எளிதிற் பொருந்தா. அதற்கு வரும் கேடும் வேறு. இளநீரில் உப்பும், தயிரில் அமிலமும் உள. எம்பெருமான் பளபளவென்று ஸேவைஸாதிக்கவேண்டும் என்று ஸேவார்த்திகள் விரும்ப, அதற்கெனப் புளியிட்டுத் துலக்குவதே எல்லாவற்றினும் கொடிது. தலைமுறை தோறும் துலக்கத் துலக்கத் திருக்கண்களும் திருவிரல்களும் தேய்ந்துபோகின்றன. இதனைப் பெரியோர் அறியாதவரல்லர். திருமலையில் மலையப்ப ஸ்வாமிக்கு ஆண்டு முழுதும் பொற்கவசம் சாத்தியிருந்து, ஜ்யேஷ்டாபிஷேகத்தின்போது மட்டும் களைவது, அடிக்கடி நிகழும் திருமஞ்சனத்தால் திருமேனி தேயாதிருத்தற்பொருட்டே.

திருமஞ்சனம் ஆனவுடன் மேலே ஒற்றி எடுத்தல் எங்கும் நிகழ்வதே. ஈரம் தங்குவதோ திருப்பரிவட்ட மடிப்புகளிலும், திருவடிகளின் இடையிலும், பீடத்தின் உட்குழிவிலும் ஆம். திருவொற்றாடை அவ்விடங்களிலும் செல்லவேண்டும்.