ஸ்டீல் டோ ஷூ இருந்தா போதுமா?

ஒரகடம் பக்கம் இன்டர்ன்ஷிப் போன நம்மில் பலரிடம் ஸ்டீல் டோ ஷூ இருக்கும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சாய்த்த மாதிரி நாளைக்கே ரோட்டில் மரம் விழுந்தால், அந்த ஷூவை நம்பி செயின்சாவைத் தூக்கிடாதீங்க.

ஷூவின் முனை 200 ஜூல் அடியைத் தாங்கும். ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. ஆனா செயின் விழுவதில்லை, ஓடுகிறது. நொடிக்கு 20 மீட்டர் ஓடினால், முனைக்குப் பின்னால் இருக்கும் வெறும் தோல் என்ன செய்யும்?

செயின்சா பேன்ட் வேற மாதிரி. உள்ளே அடுக்கடுக்காக நீள இழைகள். செயினின் பல் பட்டதும் அவை உருவி வந்து, ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி, செயினை நிறுத்தப் பார்க்கும்.

வாங்கும்போது பாருங்க:

1. வகுப்பு: ஐஎஸ்ஓ 11393 சோதனை வேகம் வகுப்பு 1-க்கு நொடிக்கு 20 மீட்டர், 2-க்கு 24, 3-க்கு 28. உங்க மெஷினின் செயின் வேகத்தோடு ஒப்பிடுங்க.
2. ஷூ: அதிலும் செயின்சா படம் இருக்கணும். பேன்ட் ஷூ மேல் படியணும். நடுவில் இடைவெளி கூடாது.
3. வெட்டுப்பட்ட பேன்ட்டைத் தைத்துப் போடாதீங்க. தையல் இழையைப் பிடித்துக்கொள்ளும். அது உருவி வராது.

இதெல்லாம் இல்லையா, பயிற்சியும் இல்லையா? அறுக்கிற வேலையைத் தீயணைப்புத் துறையிடம் விட்டுட்டு, ஓரமா நின்னு ட்ராஃபிக்கைப் பார்த்துக்கோங்க. அதுவும் உதவிதான்.