தொழுநோய்: விலங்குகளுக்கு அஞ்ச வேண்டாம், தேமலைக் கவனியுங்கள்

சரவணைக்குத் திரும்பி, பற்றை மண்டிய வளவைத் துப்புரவு செய்யும்போது எலி, கீரி, கட்டாக்காலி நாய்களைக் காண்பீர்கள். எலிக்காய்ச்சலுக்கும் நாய்க்கடிக்கும் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் இவற்றால் தொழுநோய் வரும் என்று அஞ்ச வேண்டாம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆர்மடில்லோ என்னும் ஓடுடைய காட்டு விலங்கிலிருந்து மனிதருக்குத் தொழுநோய் தொற்றியுள்ளது. அவ்விலங்கு இலங்கையில் இல்லை. எமது அழுங்கு வேறு இனம்.

இங்கு இந்நோய் மனிதரிடமிருந்தே மனிதருக்குத் தொற்றுகிறது. சிகிச்சை பெறாத நோயாளியுடன் நீண்டகாலம் நெருங்கி வாழ்ந்தால், அவரது இருமல், தும்மல் வழியாகக் கிருமி பரவலாம். அறிகுறி தோன்றப் பல ஆண்டுகள் செல்லலாம். ஆகவே இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தொற்றியது இப்போதும் வெளிப்படலாம்.

கவனிக்க வேண்டியவை:
• வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சி குறைந்த தேமல்
• கை, கால்களில் விறைப்பு, பலவீனம்

கண்ணை மூடச் சொல்லி, தேமலைப் பஞ்சு நுனியால் மெல்லத் தொடுங்கள். தொடுவது தெரியாவிட்டால் உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம். 6 அல்லது 12 மாதங்கள் மருந்தை இடைவிடாது உட்கொண்டால் நோய் முற்றாகக் குணமாகும். தாமதித்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு ஊனம் ஏற்படலாம்.

மருந்து தொடங்கியபின் நோய் பிறருக்குத் தொற்றாது. எனவே தேமலை மறைக்காதீர்கள். நோயுற்றவரை வீட்டிலிருந்து ஒதுக்காதீர்கள்.