தசை வளர்ச்சி: பாரமா, நிதானமா?

தேகாப்பியாசத்தில் ஈடுபடும் மாணவரிடையே ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. தசை திரண்டு வளர்தற்கு மிகுந்த பாரத்தைத் தூக்குதல் வேண்டுமா? அன்றிக் குறைந்த பாரத்தை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குதல் போதுமா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் திருகோணமலையில் இருவகை உழைப்பையும் காணலாம். மூட்டை சுமப்போர் பெரும்பாரத்தைச் சில கணங்களில் தோளேற்றுகின்றனர். கரைவலை இழுப்போரோ பலர் கூடி, நெடுநேரம், அடிமேல் அடிவைத்து இழுக்கின்றனர். இருசாரார் உடலும் உரம் பெறுகின்றது. காரணம் யாது?

தசை பல நார்களாலானது. பெரும்பாரத்தைத் தூக்கும்பொழுது சிறிய நார்களும் பெரிய நார்களும் தொடக்கத்திலேயே ஒருங்கு தொழிற்படுகின்றன. சிறுபாரத்துக்கோ முதலில் சிறிய நார்களே போதும். அவை களைக்கக் களைக்கப் பெரியனவும் துணைக்கு வருகின்றன. எனவே களைப்பின் எல்லையை அணுகும்வரை முயன்றாலன்றிச் சிறுபாரம் பெரும்பயன் தராது.

ஆராய்ச்சிகளும் இதனை வலியுறுத்துகின்றன. 2006ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிபின்படி, ஒருவர் ஒருமுறை மாத்திரம் தூக்கவல்ல உச்சப் பாரத்தில் 50 வீதத்தை 3 வினாடியில் உயர்த்தி 3 வினாடியில் தாழ்த்திய இளைஞர், 80 வீதத்தைச் சாதாரண வேகத்தில் தூக்கியோரை ஒத்த தசை வளர்ச்சி பெற்றனர். 2012இல் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், 30 வீதப் பாரத்தைக் களைத்து ஓயும்வரை தூக்கிய கால்களும் 80 வீதத்தைத் தூக்கிய கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்தன. ஆயினும் உச்சப் பாரத்தைத் தூக்கும் வலிமை பெரும்பாரம் தூக்கியோரிடமே மிகுந்தது. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஒரு தூக்கலுக்கு அரை வினாடி முதல் 8 வினாடி வரை எவ்வளவு நேரம் எடுப்பினும் வளர்ச்சியிற் பெரும் வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே நிதானம் மந்திரமன்று, பாரமும் மந்திரமன்று. தசையை வளர்ப்பது முயற்சியின் நிறைவேயாம். பாரந்தூக்கும் போட்டியை நாடுவோர் படிப்படியாகப் பெரும்பாரத்திற் பழகுதல் வேண்டும். ஏனையோர் இளமை மிடுக்கினால் தாங்கவியலாப் பாரத்தை வெட்டியிழுத்து முதுகை வருத்திக்கொள்ள வேண்டா. இரும்புத் தட்டுகள் இல்லையேயென ஏங்கவும் வேண்டா; மணல் நிரப்பிய பையும், தண்டாலும் பஸ்கியும் தொடக்கத்துக்குப் போதியன. மூச்சை அடக்காது, இறக்கும்போதும் பாரத்தை நழுவவிடாது, களைப்பு வரும்வரை செய்க. பன்னிரண்டு முறை எளிதாயின் பாரத்தைச் சிறிது கூட்டுக. உழைத்த தசைக்கு ஓய்வும், மீனோ பருப்போ சேர்ந்த உணவும், நல்லுறக்கமும் அளிக்க மறவாதிருப்போமாக.