மாரடைப்புக்குப் பின் நடைப்பயிற்சி: சிறுகச் சிறுகத் தொடங்குவோம்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரிடம் இருவகைத் தவறுகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சிலர், நடந்தால் இதயம் மீண்டும் பாதிக்கப்படுமோ என அஞ்சிக் கட்டிலை விட்டே இறங்குவதில்லை. வேறு சிலர், முதல் வாரத்திலேயே வெகுதூரம் நடந்து, களைத்துப்போய்ப் பயிற்சியைக் கைவிடுகின்றனர். இரண்டுமே நன்மை தருவதில்லை.

இதயத்தில் காயமுற்ற பகுதி ஆறித் தழும்பாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை படுத்தே இருந்தால் கால் தசைகள் மெலிந்து, சிறு வேலைக்கும் இதயம் கூடுதலாக உழைக்க நேரிடுகிறது. அளவான நடையோ, இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை நன்கு பயன்படுத்தத் தசைகளைப் பழக்குகிறது. இதயத்தின் சுமையும் குறைகிறது.

உங்கள் மருத்துவர் அனுமதித்த பின், சமதளத்தில் 5 நிமிடம், நாளுக்கு இருமுறை நடக்கத் தொடங்குங்கள். சிரமம் இல்லையெனில், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். ஏறத்தாழ ஏழு வாரங்களில் 30 நிமிடத்தை எட்டிவிடலாம். அதன்பின் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒருமுறை நடந்தாலே 150 நிமிடம் ஆகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு இதுவே.

வேகத்தை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது உடன் வருபவரிடம் தடையின்றிப் பேச முடிய வேண்டும்; மூச்சிரைத்துப் பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பின் எண்ணிக்கை சரியான அளவுகோலாகாது. உணவு உண்டவுடன் நடப்பதையும் உச்சி வெயிலில் நடப்பதையும் தவிருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் மெதுவாக நடங்கள்.

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் மருத்துவர் சொன்னபடி பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சலாலோ வீட்டு விசேஷத்தாலோ சில நாள் விட்டுப்போனால் மனம் தளர வேண்டாம். உடல் தேறியபின், விட்ட அளவில் பாதியிலிருந்து மீண்டும் தொடங்கினால் போதும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். 'நீங்கள் அசையவே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்வது அன்புதான். ஆனால், செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் தெருமுனைவரை நடந்துவருவது அதனினும் பெரிய உதவி. நடந்த நிமிடங்களை நாட்காட்டியில் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் காட்டுங்கள். அடுத்த படியைச் சேர்ந்தே முடிவுசெய்வோம்.