ஜெய்ப்பூர் அரண்மனையில் ஒரு வழிகாட்டியுடன்

அரண்மனை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது சிம்மாசனமும் கிரீடமும்தான். வடநாட்டுச் சுற்றுலாவின்போது ஜெய்ப்பூர் நகர அரண்மனையின் வாயிலில் நின்ற எங்களுக்கும் அப்படியே. ஆனால் உள்ளே இரண்டு மணி நேரம் நடந்து வெளிவந்தபோது எங்கள் மனத்தில் நின்றவை வேறு.

ஆம்பேர் மலைக்கோட்டையில் இருந்து ஆண்ட இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர், 1727-இல் சமவெளியில் இப்புதிய நகரை அமைத்தார். வித்யாதர் பட்டாச்சார்யா என்ற வங்காள அறிஞர் திட்டம் வகுத்தார். சதுரங்கப் பலகை போல் நேர் வீதிகள்; நடுவே பழைய நகரின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பரப்பில் அரண்மனை. தெருவில் நாம் காணும் இளஞ்சிவப்பு நிறமோ 1876-இல் வேல்ஸ் இளவரசரை வரவேற்கப் பூசியது.

எங்கள் வழிகாட்டி வயதில் பெரியவர். அவர் இந்தியில் சொல்ல, உடன் வந்த அருட்சகோதரி தமிழில் சொன்னார். முதலில் அவர் நிறுத்திய இடம் சர்வதோபத்ரம் என்னும் மண்டபம். அங்கே ஆளுயரத்தில் இரண்டு வெள்ளிக் கொப்பரைகள். ஒவ்வொன்றும் சுமார் 340 கிலோ எடை. சுமார் 4,000 லிட்டர் கொள்ளும். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டன் சென்ற இரண்டாம் மாதோசிங் மன்னர், கடல் கடந்த நாட்டிலும் கங்கை நீரையே பருக வேண்டும் என்று இவற்றில் நிரப்பிக் கொண்டு போனாராம். வெள்ளி நாணயங்களை உருக்கி, பற்றவைப்பே இல்லாமல் செய்தார்கள் என்றார். மன்னரின் பெயரை மூன்று முறை சொன்ன அவர், கொல்லர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்தது பிரீதம் நிவாஸ் முற்றம். நான்கு வாயில்கள், நான்கு பருவங்கள். மயில் வாயில் இலையுதிர் காலத்துக்கு, தாமரை வாயில் கோடைக்கு, பச்சை வாயில் வசந்தத்துக்கு, ரோஜா வாயில் குளிர்காலத்துக்கு. மயில்களின் கழுத்து நீலத்தைப் பார்த்து எங்களில் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள், நகர்த்துவது பெரும்பாடாயிற்று.

முற்றத்தின் மேலே ஏழு மாடிச் சந்திர மகால். அரச குடும்பத்தினர் இன்றும் அங்கே வசிக்கின்றனர். உச்சியில் பெரிய கொடி ஒன்றும் அதற்கு மேல் கால் பங்கு அளவில் சிறு கொடி ஒன்றும் பறக்கும். ‘சவாய்’ என்றால் ஒன்றேகால். மற்றவரைவிடக் கால் பங்கு மேலானவர் என்று பொருள். சிறுவன் ஜெய்சிங்கின் மறுமொழியில் மகிழ்ந்து ஔரங்கசீப் அளித்த பட்டம் இது என்பது வழிவழி வரும் கதை.

கண்ணாடிப் பதிப்பும் பொன் வேலையும் நிறைந்த மேல்மாடி அறைகளைத் தனி வழிகாட்டியுடன் சென்று காணலாம். அதற்குக் கட்டணம் பல மடங்கு. எங்கள் கைப்பணம் அதற்கு எட்டாது; அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஏமாற்றமாய் இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ராணிகள் எங்கே இருந்தார்கள்?” என்று கேட்டாள். வழிகாட்டி ஒரு மதிலைக் கை காட்டி, “அந்தப் பக்கம், ஜனானா” என்று சொல்லி நடையைக் கட்டினார். இரண்டு மணி நேரத்தில் பெண்களுக்குக் கிடைத்தது மூன்று சொற்கள்! மீதியை அன்று மாலை அருட்சகோதரியிடம் கேட்டு அறிந்தோம். கூச் பிகார் இளவரசியாய்ப் பிறந்து 1940-இல் இங்கு மருமகளாய் வந்தவர் காயத்ரி தேவி. முக்காடும் திரையுமாய் வளர்ந்த பெண்கள் படிக்க வேண்டும் என்று 1943-இல் ஜெய்ப்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1962-இல் நம் ராஜாஜி நிறுவிய சுதந்திராக் கட்சியின் சார்பில் நின்று மக்களவைக்குச் சென்றார். 2009-இல் காலமானார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

அரண்மனையை அடுத்தே ஜந்தர் மந்தர் என்னும் வானியல் கூடம். அங்குள்ள சூரியக் கடிகாரம் 27 மீட்டர் உயரம். அதன் நிழல் நகர்வதைக் கண்ணால் காணலாம். நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. வான நூலில் ஐரோப்பியர் கண்டதை அறிய விரும்பிய ஜெய்சிங், மனுவேல் தெ ஃபிகெய்ரெதோ என்ற இயேசு சபைக் குருவைப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பினார். அவ்வழியாகக் கிடைத்த லா ஹீரின் அட்டவணைகளை மன்னர் அப்படியே ஏற்கவில்லை. தம் கருவிகளால் அளந்து, நிலவின் இடத்தில் அரைப் பாகை பிழை இருப்பதாக எழுதி வைத்தார்.

திரும்பும் வழியில் ஹவா மகாலைக் கண்டோம். 1799-இல் பிரதாப்சிங் மன்னர் கட்டியது. வீதியை வெளியார் கண்ணில் படாமல் அரண்மனைப் பெண்கள் காண 953 சிறு சாளரங்கள். கேள்வி கேட்ட அதே மாணவி பேருந்தின் சன்னல் வழியே அவற்றை எண்ணத் தொடங்கினாள். இருநூற்றுச் சொச்சம் வந்தபோது பேருந்து புறப்பட்டுவிட்டது.