கட்டணம் இல்லை, செலவு உண்டு: வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்

காளஹஸ்தியிலிருந்து ரேணிகுண்டா செல்லும் சாலையில் ஏர்ப்பேடு இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருப்பதி ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டில் தோன்றிய ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனமும் இன்று அப்பகுதியில்தான் இயங்குகின்றன. உயர்கல்வி வாசலுக்கே வந்துவிட்ட ஊர்களில், பிள்ளைகள் ஒரு செமஸ்டர் மட்டும் அயல்நாட்டில் பயில விரும்புவது இயல்பே. ஐரோப்பாவில் 1987இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களோடு தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இவ்வழக்கத்தைப் பரவலாக்கியது.

பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி செல்லும் மாணவர் பொதுவாகத் தம் சொந்தக் கல்வி நிறுவனத்துக்கே கட்டணம் செலுத்துவார். ஏற்கும் பல்கலைக்கழகம் தன் கல்விக் கட்டணத்தை விலக்கிவிடும். 'கட்டணம் இல்லை' என்று கேட்டவுடன் பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். நாம் கவலைப்படத் தொடங்குவது அங்கேதான்.

காளஹஸ்தியில் கலம்காரி வரையும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். துணி விற்றால் பணம், விற்காவிட்டால் காத்திருப்பு. மூன்றாம் ஆண்டில் பயிலும் மகளுக்கு ஜெர்மனியில் ஆறு மாதம் படிக்க இடம் கிடைக்கிறது. விசாவுக்கு வாழ்க்கைச் செலவுக்கான சான்று தேவை. 2024 செப்டம்பர் முதல் அதற்கான அளவு மாதம் 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று கொண்டால் 5,95,200 ரூபாய். யூரோவின் விலை ஒரு ரூபாய் ஏறினால் 5,952 ரூபாய் கூடுதலாக வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் அந்த அளவுக்குச் சுமை குறையும்.

இப்பணத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மகளே அங்குச் செலவிடப் போகிறாள். ஆயினும் புறப்படும் முன்பே முழுத் தொகையையும் முடக்கக் கணக்கு ஒன்றில் செலுத்திக் காட்ட வேண்டும். சிறுகச் சிறுக வருவாய் வரும் வீட்டுக்கு இதுவே பெருந்தடை. கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்து ஓடுவதை நாம் விரும்புவதில்லை. நகைக் கடனைக் குறை கூறவில்லை. கல்விக் கடனில் உள்ளதுபோல் படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை தொடங்காமல் இருக்கும் வசதி அதில் இல்லை.

ஏற்கெனவே கல்விக் கடன் இருப்பின், அச்செலவையும் சேர்க்க இயலுமா என்று, தேர்வுக் கடிதம் வந்த அன்றே கிளையில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கான பயணச் செலவும் அடங்கும். 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் பங்கு. மொத்தக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணையும் கேட்கப்படும்.

முடக்கக் கணக்கிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே வெளிவரும். அதுவும் பெரும்பாலும் அங்கு ஒரு நடப்புக் கணக்குத் தொடங்கிய பின்னரே. ஆனால் அறை வாடகைக்கான முன்பணம், ஜெர்மானியச் சட்டப்படி மூன்று மாத வாடகை வரை, முதல் வாரத்திலேயே கேட்கப்படலாம். இதற்கெனத் தனித்தொகையை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றித் தருவது நல்லது. ரொக்கமாக எடுத்துச் செல்ல 3,000 டாலர் வரம்பு உண்டு. இங்குள்ள வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. வரும் கைபேசி எண் அங்கேயும் இயங்கவேண்டும் என்பதைப் பலர் விமானத்தில் ஏறிய பிறகே நினைக்கின்றனர்!

பணம் அனுப்ப பான் எண்ணும் ஏ2 படிவமும் வேண்டும். 2025-26 நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கல்விக்கான மிகைத் தொகைக்கு 5 சதவீதம் வரி முன்கூட்டிப் பிடிக்கப்பட்டது. கல்விக் கடனிலிருந்து அனுப்பியதற்கு அது இல்லை. நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் அவ்வரம்புக்குள்ளேயே நிற்கிறது. விகிதம் மாறக்கூடியதாதலால் அனுப்பும் நாளில் கிளையில் கேட்டறிக.

அங்குப் படிக்கும் பாடங்களின் மதிப்பலகுகளை இங்குள்ள கல்வி நிறுவனம் ஏற்கும் என்பதையும் புறப்படுமுன் எழுத்தில் பெற வேண்டும். ஏற்காவிடில் ஒரு செமஸ்டர் கூடும். கட்டணமும் கூடும், கடன் தீரும் நாளும் தள்ளிப்போகும். அவ்வாறு படிப்பு நீண்டால் கிளைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாடகை முன்பணம் பெரும்பாலும் மாணவி ஊர் திரும்பிய பின்னரே திருப்பித் தரப்படும். அது வந்து சேரும்வரை அங்குள்ள கணக்கை மூடிவிடாதிருக்க மகளிடம் சொல்லி அனுப்புக.